உடம்பெல்லாம் வலி: எந்தப் பயிற்சி நல்லது?

மதுரைக்கு வடக்கே 21 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, அழகர்கோவில். அங்கிருந்து மலைப் பாதையில் ஏறினால் பழமுதிர்சோலை. அதற்கும் மேலே நூபுர கங்கை. கள்ளழகரைக் கும்பிட்டுவிட்டு நடந்தே மலை ஏறுகிறவர்கள் உண்டு.

சில பெண்களுக்கு மட்டும் அந்த ஏற்றம் பெரிய சோதனை. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு எல்லாம் வலிக்கும். தூங்கி எழுந்தாலும் களைப்பு தீராது. "எப்போதும் வலி என்கிறாள். எல்லாம் சோம்பேறித்தனம்!" என்று வீட்டில் பேச்சு வரும்.

பொய் வலி அல்ல

இந்த நோய்க்கு 'பைப்ரோமயால்ஜியா' என்று பெயர். ரத்தப் பரிசோதனையில் குறை தெரியாது. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் வலி உண்மை! மூளையும் நரம்புகளும் வலியைப் பெரிதாக்கி உணர்த்துகின்றன. பெண்களுக்கே இது அதிகம்.

வேறு நோய் இல்லை என்பதை முதலில் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு மருந்து, மாத்திரை மட்டும் போதுமா? போதாது. ஐரோப்பிய வாத நோய் எதிர்ப்புக் கழகம் 2017-ம் ஆண்டு ஆலோசனைகள் வெளியிட்டது. பல சிகிச்சைகளில், அது உறுதியாகச் சிபாரிசு செய்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான்.

எது உயர்வு?

நடைக்குக் காசு வேண்டாம். மூச்சு லேசாக வாங்கும்படி நடந்தால் உடம்பு தேறும்.

சிறு எடையைத் தூக்கி இறக்கினால் தசை வலுப்படும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் நின்று கை, கால்களை அசைத்தால் உடல் பாரம் தெரியாது. ஆனால் அதற்கு நீச்சல் குளம் வேண்டும்.

சீன நாட்டின் 'தாய் சி' மெதுவான அசைவுப் பயிற்சி. அமெரிக்காவில் 226 பேரிடம் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சு வாங்கும் பயிற்சிக்கு அது இளைத்ததாக இல்லை. சற்று மேலாகவே இருந்தது.

அப்படியானால், விட்டுவிடாமல் செய்யக் கூடியது எதுவோ, அதுவே சிறந்தது. நம் ஊர்ப் பெண்களுக்குச் சமதரை நடையே கைக்கு எட்டியது.

முதலில் 5 நிமிடம் போதும். வாரா வாரம் கொஞ்சம் கூட்டலாம். தொடக்கத்தில் வலி சற்று அதிகமாகலாம். அப்போது அளவைக் குறைக்க வேண்டுமே தவிர, நிறுத்தி விடக் கூடாது. வலி குறைந்த நாளில் ஒரேயடியாக மலை ஏறினால், மறுநாள் படுக்கைதான்!

வீட்டு வேலை போதாதா?

"வீட்டு வேலையே பயிற்சிதானே?" என்பார்கள். இல்லை. பயிற்சிக்கு அளவு உண்டு. நடுவே ஓய்வும் உண்டு. வீட்டு வேலைக்கு இரண்டும் கிடையாது. குடத்தைத் தூக்குவதும், குனிந்து பெருக்குவதும் வலித்த இடத்தையே மீண்டும் வருத்தும்.

ஆகவே மருந்தின் பாதி குடும்பத்தின் கையில் இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் அவளுக்கென்று விட வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர்க் குடத்தைக் கணவன் தூக்கட்டும், மகன் பெருக்கட்டும். வலிக்கிறது என்று அவள் சொன்னால், முதலில் நம்ப வேண்டும்!