ஆலை வரட்டும், பிறகு புல்லை நடலாம்!



சேத்தூர், தேவதானம், மம்சாபுரம், வத்திராயிருப்பு என்று மலையடிவாரத்தில் வெள்ளாமை செய்கிற நமக்கு ராத்தூக்கம் கிடையாது. பன்றி ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். 2021-ல் நம் மலை ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமானது. காட்டைக் காக்க வேண்டியதுதான். காட்டோரத்து விவசாயியைக் காப்பது யார்?

இந்த நேரம் பார்த்து, "தைலப்புல் போடுங்க, மாடுகூட வாய் வைக்காது" என்று ஆசை காட்டுகிறார்கள். எலுமிச்சைப்புல்லைத்தான் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. வாசத்துக்கு மிருகம் அதிகம் சீண்டாது. ஒருமுறை நட்டால் நாலைந்து வருஷம் நிற்கும். மூணு மாசத்தில் முதல் அறுப்பு, பிறகு இரண்டு, இரண்டரை மாசத்துக்கு ஒன்று.

மீதிப் பாதியை நாற்று விற்க வருகிறவன் சொல்லமாட்டான். ஒரு டன் பச்சைப்புல்லை ஆவியில் வடித்தால் கிடைப்பது நாலைந்து கிலோ எண்ணெய். அந்த டன்னை வண்டி பிடித்துத் தூரத்து ஊருக்கு ஏற்றினால் வாடகைக்கே பத்தாது. வெட்டி நாள்கணக்கில் போட்டு வைத்தால் எண்ணெய் குறையும். ஆகவே, வடிக்கும் ஆலை எவன் கையிலோ, விலையும் அவன் கையில். கரும்பு போட்டுவிட்டு ஆலைப் பாக்கிக்கு நடையாய் நடந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா?

உலகச் சந்தையையும் பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வடித்த புல்தைலத்துக்கு வெளிநாட்டில் 'கொச்சி எண்ணெய்' என்றே பெயர். அதன் வாசத்துக்குக் காரணம் சிட்ரல். இன்று அதே சிட்ரலை ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து டன் டன்னாகச் செய்கிறது. மலேசியாவிலும் அதற்கு ஆலை உண்டு. நம் புல் போட்டி போட வேண்டியது இதனோடுதான்.

"நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்பார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்கும் இப்படித்தான் சொன்னார்கள். முடிவு ஊரறியும்.

அப்படியானால் தைலப்புல்லே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஜம்முவில் பதர்வா மலைப்பகுதி விவசாயிகளுக்கு, 'அரோமா மிஷன்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் லாவண்டர் நாற்றும் கொடுத்தார்கள், எண்ணெய் வடிக்கும் யூனிட்டும் அமைத்தார்கள். அங்கே முடிந்தது ராஜபாளையத்தில் முடியாதா? அடுப்புக்குக் காட்டு விறகுகூட வேண்டாம், வடித்த சக்கையைக் காயவைத்தே எரிக்கலாம்.

ஆகவே அரசைக் கேட்கிறோம்:

1. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டங்களில் விவசாயிகள் குழுவின் பொறுப்பில் பொது வடிப்பு ஆலை அமைத்திடு!
2. எண்ணெய்க்குக் குறைந்தபட்ச விலை அறிவித்திடு!
3. திரும்ப வாங்குவோம் என்கிற கம்பெனிகளை 2019 ஒப்பந்தப் பண்ணையச் சட்டப்படி பதிவு செய்ய வைத்திடு!
4. வனவிலங்கு அழித்த பயிருக்குக் காலதாமதமின்றி முழு இழப்பீடு வழங்கிடு!

தோழர்களே, இது நடக்கும்வரை கடன் வாங்கி நாற்று வாங்காதீர்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் எவன் பேச்சையும் நம்பி ஒரு சென்ட்கூட நடாதீர்கள். சோதித்துப் பார்க்க வரப்போரம் நாலு தூர் வைத்தால் போதும். தென்னையை வெட்டிவிட்டுப் புல் நட்டால், பிறகு இரண்டும் இருக்காது.

ஒன்றுபடுவோம்! கேட்டுப் பெறுவோம்!

- செயலாளர், விவசாயிகள் சங்கம்