தவணைக்காரன் வாசலில், ஜகாத் யார் கையில்?



கொடைக்கானலில் சீசன் என்பது ஏப்ரலும் மேயும்தான். செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம் கூட்டம் வரும். மற்ற நாட்களில் மூட்டமும் மழையும். ஏரியைச் சுற்றிச் சோளம் சுட்டு விற்கிற பெண்ணும், குதிரை பிடிக்கிற பையனும், ஸ்வெட்டர் விற்கிற நம் சகோதரரும் அந்தச் சில வாரங்களின் வருமானத்தில்தான் ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்க வேண்டும். மேல்மலைக்குப் போங்கள். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு போட்டவன் நான்கு மாதம் கழித்துத்தான் காசைப் பார்ப்பான்.

ஆனால் மைக்ரோ பைனான்ஸ்காரனுக்குச் சீசனும் கிடையாது, அறுவடையும் கிடையாது. அவனுக்கு எல்லா வாரமும் ஒரே வாரம்தான்!

குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அக்கா தங்கையாகப் பழகியவர்கள் ஒருவர் வாசலில் ஒருவர் நின்று கூச்சல் போடுகிறார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்து இன்னொரு கம்பெனியில் கடன் வாங்கி முதல் கடனை அடைக்கிறார்கள். பயானுக்காக மலைக்குப் போயிருந்தபோது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், வட்டி ஹராம்னு நீங்க சொல்றது எனக்கும் தெரியும். ஹலாலான கடன் எந்தப் பள்ளிவாசல்ல கிடைக்கும்னு சொல்லுங்க." என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாக வட்டியைப் பற்றி மேடையில் முழங்கியவனுக்குப் பதில் இல்லை!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மலைப்பாதை மூடப்பட்டது, சீசன் அப்படியே போனது. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடச் சலுகை கொடுத்தது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. சிரமப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் 2:280 வசனத்துக்கும் இந்தச் சலுகைக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

இந்தத் தொழில் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முஹம்மது யூனுஸ், 42 ஏழைகளுக்குத் தன் சட்டைப் பையிலிருந்து 27 டாலர் மதிப்புள்ள பணத்தைக் கடனாகக் கொடுத்தார். அதற்கு வட்டி இல்லை. பிறகு அது வங்கியானது, வட்டி வந்தது, 2006இல் நோபல் பரிசும் வந்தது. நம் நாட்டிலோ ஏழையின் கடன் பங்குச் சந்தைச் சரக்காகவே ஆகிவிட்டது. 2010 ஆகஸ்டில் ஆந்திராவில் வளர்ந்த மிகப்பெரிய கம்பெனி பங்குச் சந்தையில் ஏறியது. கடன்காரர்களின் தற்கொலைச் செய்திகளுக்குப் பின் அக்டோபரிலேயே ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. 2022 ஏப்ரல் முதல் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது. அடாவடி வசூலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு சட்டம் கொண்டு வந்தது, வரவேற்கிறோம். சட்டம் மிரட்டுகிறவனைத் தடுக்கும். அடுத்த வாரத் தவணைக்குப் பணம் தருமா?

கம்பெனிக்காரனைத் திட்டியது போதும். நம் கடைவீதிக்கு வருவோம்.

ரமளான் இருபத்தேழில் பழனியிலும் வத்தலக்குண்டிலும் பெரியகுளத்திலும் கடை வாசல்களில் நிற்கும் வரிசையைப் பாருங்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய், ஒரு சேலை. இதற்குப் பெயர் ஜகாத்தாம்! வாங்கியவர் மறு வருடமும் அதே வரிசையில் நிற்கிறார். கொடுத்தவருக்கு அது பெருமையாக இருக்கிறது. வியாபாரிகளே, கோபப்படாதீர்கள். 9:60 வசனம் சொல்லும் எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரும் உண்டு என்பதை எந்தக் கடை வாசலில் நினைத்துப் பார்த்தோம்?

இன்னொன்றும் சொல்கிறேன், கசக்கும். மேல்மலை விவசாயிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, "பூண்டை என் மண்டிக்கே கொண்டு வா" என்று கட்டி, கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து எடுப்பவர்கள் நம்மிலும் உண்டு. கடனைக் காட்டி எடுக்கும் ஆதாயம் வட்டி என்பதை மதரஸாவில் முதல் ஆண்டு ஓதும் பிள்ளையும் சொல்வான். குழுக் கடன் வாங்கிய வீடுகளில் விசாரியுங்கள், எத்தனை கடன் மகளின் கைக்கூலிக்காக வாங்கியது என்று. கைக்கூலி வாங்கிய மாப்பிள்ளை வீட்டார் முதல் ஸஃப்பில் தொழுகிறார்கள்!

கடனோடு இறந்தவருக்கு ஜனாஸா தொழ வைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கினார்கள். அபூகதாதா (ரலி) பொறுப்பேற்ற பிறகே தொழ வைத்தார்கள். அந்த ஒரு பொறுப்பைத்தான் ஜமாஅத்துகளிடம் கேட்கிறோம்.

நடக்கிற காரியமா என்பவர்கள் தேவ்பந்துக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே 1961இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்ட், நகையை அடகாக வைத்து வட்டியில்லாக் கடன் கொடுத்தது. லாகூரில் 2001இல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பத்தாயிரம் ரூபாயில் தொடங்கியது 'அகுவத்'. பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் வைத்தே கடன் கொடுக்கிறார்கள். அதன் நிறுவனர் அம்ஜத் சாகிபுக்கு 2021இல் மகசேசே விருது கிடைத்தது. லாகூர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வோம்.

ஜகாத்தைக் கடன் நிதியில் போட்டுச் சுற்றக்கூடாது, அது ஏழைக்கே சொந்தமாக வேண்டும். எனவே ஜகாத்தைக் கூட்டாக வசூலித்து, தவணையில் சிக்கியவரின் கடனை ஒரேயடியாக அடைத்து மீட்கட்டும். தொழிலுக்கான அழகிய கடன், ஸதகாவிலும் வியாபாரிகளின் நன்கொடையிலும் தனி நிதியாக இருக்கட்டும். திருப்பிச் செலுத்துவது கொடுத்தவன் வசதிக்கு அல்ல, ஏரிக் கடைக்காரருக்கு மே மாதம், பூண்டுக்காரருக்கு அறுவடை. 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள்தான் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலையைக் காப்பாற்ற அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கடைக்காரர் கையில் காசு வரும் நாளைக் கம்ப்யூட்டர் அட்டவணை அறியாது. பக்கத்துத் தெரு ஜமாஅத் அறியும்.

முஸ்லிம் அல்லாத விவசாயிக்கும் கொடுங்கள். நபி (ஸல்) அவர்களே தம் போர்க்கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்துத் தானியம் வாங்கியிருந்தார்கள்.

ஓர் எச்சரிக்கை. 'ஹலால் லாபம்' என்று சொல்லி ஆயிரக்கணக்கான முஸ்லிம்களின் சேமிப்பை விழுங்கிய பெங்களூரு ஐஎம்ஏ 2019இல் கவிழ்ந்ததை மறந்துவிடாதீர்கள். தாடியைப் பார்த்துப் பணம் கொடுத்தோம்! பைத்துல்மால் யாருக்கும் லாபம் தருவதாகச் சொல்லக்கூடாது. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கவும் கூடாது, அதே 2019இல் வந்த சட்டம் அதற்குத் தண்டனை வைத்திருக்கிறது. 2:282 சொன்னபடி கடனை எழுதுங்கள், சாட்சி வையுங்கள். வரவு செலவை ஜும்ஆவுக்கு ஜும்ஆ பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். கடன் வாங்கியவர் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள்.

இளைஞர்களே, இரத்த தானத்துக்கு ஓடுகிறீர்கள், வெள்ளத்தில் படகு தள்ளுகிறீர்கள். இப்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மஹல்லாவில் வீடு வீடாகப் போங்கள். யார் எந்தத் தவணையில் இருக்கிறார், எவ்வளவு பாக்கி என்று எழுதுங்கள். ஷஃபான் பிறப்பதற்குள் அந்தப் பட்டியல் முத்தவல்லியின் மேஜையில் இருக்க வேண்டும். அவர் வாங்க மறுத்தால் ஊர்ப் பெயரோடு எங்களுக்கு எழுதுங்கள். நாங்கள் நேரில் வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.