ஊசி மேல் ஏன் பழி?

"முட்டியில் நீரை ஒரு தடவை எடுத்துட்டா ஊறிக்கிட்டேதான் இருக்கும், ஊசி வைக்க விடாதே." சின்னசேலத்திலிருந்து வெள்ளிமலை வரை இதைச் சொல்லாத வாய் குறைவு. இறைக்கிற கிணறு ஊறும் என்று பழமொழியையும் துணைக்கு அழைக்கிறார்கள். கிணற்றுக்குச் சரி, முட்டிக்கு இது பொய். இதை நம்பி வருஷக்கணக்கில் நொண்டுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

நல்ல மூட்டுக்குள் இருக்கும் நீர் ஒரு டீஸ்பூனுக்கு மேல் தேறாது. அடிபட்டு ஜவ்வு கிழிந்தாலோ குருத்தெலும்பு சிதைந்தாலோ, மூட்டின் உள்சவ்வு புண்பட்டு நீரைச் சுரந்து தள்ளும். காரணம் தீரும்வரை சுரக்கும். ஊசி வைத்தாலும் சுரக்கும், வைக்காவிட்டாலும் சுரக்கும். பத்து நாளில் மறுபடி வீங்கினால் பழி ஊசி மேல் விழுகிறது, கிழிந்த ஜவ்வைப் பற்றிப் பேச்சே இல்லை.

எல்லா வீக்கத்துக்கும் ஊசி வேண்டியதில்லை. சிறு வீக்கம் ஓய்விலும் ஐஸ் ஒத்தடத்திலும் வற்றிவிடும். ஆனால் எடுக்க வேண்டிய நீர் ஒரு சாட்சி. சிரிஞ்சில் ரத்தமாக ஏறினால் உள்ளே ஜவ்வு அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ரத்தத்தின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தால், எலும்பில் விரிசல் விட்டு மஜ்ஜைக் கொழுப்பு கசிகிறது என்று பொருள். கலங்கலாக வந்தால் சீழா என்று சோதிக்க வேண்டும். காய்ச்சலோடு முட்டி கொதித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்க நேரமில்லை.

தேங்கிய நீர் சும்மா இருப்பதுமில்லை. 20, 30 மில்லி சேர்ந்தாலே தொடையின் முன்தசை வேலையைக் குறைத்துக்கொள்கிறது, நாளாக நாளாகச் சூம்புகிறது. கல்வராயன் மலைச் சரிவில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு இறங்குகிறவருக்கு இது என்ன செய்யும்? காலை ஊன்றும்போது முட்டி சட்டென்று மடங்கும். விழுவார், மறுபடி வீங்கும்.

இந்த நம்பிக்கைக்கு உரம் போட்டதில் மருத்துவர்களுக்கும் பங்குண்டு. எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு முறியல, ஒண்ணுமில்ல" என்று நீரை மட்டும் எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினால் அது ஊறாமல் என்ன செய்யும்? எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. அடிபட்டு ஓரிரு மணி நேரத்தில் வீங்கியதா, மறுநாள் வீங்கியதா என்று கேட்க வேண்டும். உடனே வீங்கினால் பெரும்பாலும் ரத்தம். முட்டியை லேசாக மடக்கிக் கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும் சோதனைக்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

கள்ளக்குறிச்சிக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கி அங்கே போகிறவர்கள், ஊசி வேண்டாம் என்று மல்லுக்கட்டுவதை விட்டு, நீர் எதனால் ஊறுகிறது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை எழுந்து வராதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. தொடையை இறுக்கி விடும் பயிற்சியை, வருகிற சிகிச்சையாளரிடம் கேட்டு வாங்குங்கள். நீர் வற்றியும் தொடை தேறாவிட்டால் அந்த முட்டி சரிவில் மறுபடி மடங்கும்.