நெஞ்சிற் படிந்த கொழுப்பு

‘பைபாஸ்’ என நாம் வழங்கும் இதய சத்திரசிகிச்சையைக் கொழும்பிலோ கண்டியிலோ செய்துகொண்டு திருகோணமலைக்குத் திரும்பும் ஒருவரை நம்மவர் எவ்வாறு வரவேற்கின்றனர் என்பதுபற்றிச் சில சொல்லக் கருதினோம். எம்முடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அவ்வாறு திரும்பியபோது, யாமும் ஒரு சட்டி எருமைத் தயிருடன் அவர் வீட்டுப் படியேறினோம். எமக்கு முன்னரே முட்டைமா வந்திருந்தது, பயற்றம்பணியாரம் வந்திருந்தது, முறுக்குத் தகரம் இரண்டு வந்திருந்தன. நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதர் தேறவேண்டுமே என்பது எல்லோர் வாயிலும் இருந்த சொல். அவர் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்திருந்தார். மூன்று திங்களில் அவருடைய இடுப்புப்பட்டி இரண்டு துளை தளர்ந்தது. ‘ஐயா நன்றாகத் தேறிவிட்டார்’ என்று யாமும் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி அறியாமையால் வந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

இச்சத்திரசிகிச்சை அடைப்பை நீக்குவதன்று. கந்தளாய்க் குளத்து வாய்க்கால் ஒன்று மண் மூடிப்போனால், பக்கத்தே வேறொரு வாய்க்கால் வெட்டி வயலுக்கு நீர் விடுவதில்லையா? அதுபோன்றதே இது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே பவலோரோ என்னும் வைத்தியர் காலின் நாளத்தை எடுத்து இம்முறையை நிலைநாட்டினார். 1975இல் சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் வைத்தியர் செரியன் இந்தியாவில் முதன்முதலாக இதனைச் செய்தார். கருவிகளும் கைத்திறனும் அதன்பின் எவ்வளவோ வளர்ந்துள்ளன. எனினும் மண்ணைக் கொண்டுவந்த வெள்ளம் நின்றுவிடவில்லை. காலிலிருந்து எடுத்துப் பொருத்திய நாளங்களில் ஏறக்குறைய பாதி பத்தாண்டுக்குள் பழுதடைகின்றன. மார்பின் உட்புறத்து நாடியைப் பொருத்தினால் அது பெரும்பாலும் நிலைத்துநிற்கும்.

இனி, அதிகம் பேசப்படாத ஒன்றைக் கூறுவோம். இதயத்தின் மேலேயே கொழுப்புப் படை ஒன்று உண்டு. நலமுள்ளவரிடத்தும் அஃது உண்டு. இதயத்தைக் காத்தலும் வேண்டும்போது எரிபொருள் தருதலும் அதன் தொழில். அக்கொழுப்புக்கும் இதயத்தசைக்கும் இடையே மென்றிரைகூட இல்லை. இரண்டையும் ஊட்டுவன அதே முடியுருநாடிகளே. ஆதலின் அக்கொழுப்பு பெருத்து நோயுற்றால், அதிற் சுரக்கும் தீமை நேரே தசைக்கும் நாடிக்கும் சென்று சேர்கின்றது. அத்தீமைக்கு வைத்தியர் இட்ட பெயர் அழற்சி. அழல் என்பது நெருப்பு. இத்துணைப் பொருத்தமான கலைச்சொல் நமக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இங்குக் கருதத்தக்கது. மாற்றுவழிச் சத்திரசிகிச்சைக்கு வந்த 42 பேரிடத்து, இதயத்தின் மேலிருந்த கொழுப்பிற் சிறிதும் தோலின் கீழிருந்த கொழுப்பிற் சிறிதும் எடுத்து ஒப்பிட்டனர். இன்ரலூக்கின் ஆறு முதலான அழற்சிப் பொருள்கள் இதயக் கொழுப்பிலே மிகுந்திருந்தன. நோயாளி பருத்தவரா மெலிந்தவரா என்பதைப் பொறுத்து அவ்வேறுபாடு மறைந்துவிடவில்லை. ‘அவனுக்குக் கொழுப்பு’ என்று செருக்கையும் பருமனையும் ஒரே சொல்லால் வசைபாடும் வழக்கமுடைய நாம், இதனைச் சற்று நிறுத்தி எண்ணவேண்டும். பருத்தவரை எள்ளுதற்கு இவ்வாய்வு இடந்தருவதன்று. மெலிந்த தோற்றமுடையவர் தம்மை மறந்திருத்தற்கும் இடந்தருவதன்று.

பருமனுடையார்க்குத் தொல்லை கூடுதல் என்பதும் உண்மையே. குருதி இதயநுரையீரற் பொறியினூடே ஓடும்போது உடல் முழுதும் ஓர் அழற்சி எழுகின்றது. முன்னரே கனன்றுகொண்டிருந்த இடத்திலே இதுவும் சேர்கின்றது. சத்திரசிகிச்சைக்குப்பின் முதற் சில நாளில் நால்வருள் ஒருவரளவினர்க்கு நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கு தப்புவதுண்டு. இதயக் கொழுப்பு மிக்காரிடத்து இதற்கு வாய்ப்பு மிகுதி எனக் கண்டுள்ளனர். பிளந்த மார்பெலும்பின் புண்ணிற் கிருமி தொற்றுதலும் பருத்தவர்க்கே எளிது. நீரிழிவும் உடனிருந்தால் கேட்கவேண்டியதில்லை.

பருமனை அறியத் தராசு வேண்டியதில்லை. தையற்காரரின் நாடா போதும். தென்னாசிய ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரும் இடையின் எல்லை. ஐரோப்பிய ஆடவர்க்கு வகுத்த எல்லை 94. வயிற்றுக்குள்ளே கொழுப்புச் சேர்க்கும் இயல்பு நம்மவரிடத்து மிகுதியாதலின் இவ்வேறுபாடு.

தமிழ் படித்தோர் அறியவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கும் பூக்களுள் முதலாவதான காந்தளை நாம் கார்த்திகைப்பூ என்கிறோம். அதிலுள்ள கொல்கிசின் என்னும் பொருளே இன்று இதய அழற்சிக்கு மருந்தாக ஆராயப்படுகின்றது. மாரடைப்புக் கண்ட 4,745 பேரிடத்துச் செய்து 2019இல் வெளிவந்த ஆய்வு நற்பயன் காட்டியது. 2024இல் வெளிவந்த இன்னும் பெரிய ஆய்வு அப்பயனைக் காணவில்லை. வழக்கு முடியவில்லை என்பதே இதன் பொருள். இதைப் படித்துவிட்டு எவரேனும் வேலியோரத்துக் கார்த்திகைக் கிழங்கைத் தோண்டப் புகுந்தால் உயிரே போய்விடும். அது கொடிய நஞ்சு.

நெஞ்சின் கொழுப்பு கரையக்கூடியது என்பதே எமக்கு ஊக்கம் தந்த செய்தி. மிகப் பருத்த சிலர் உணவைக் கடுமையாகக் குறைத்துத் தம் எடையில் ஐந்திலொரு பங்கை இழந்தபோது, இதயக் கொழுப்பின் தடிப்பு மூன்றிலொரு பங்களவு குறைந்ததாக 2008இல் எழுதினர். டென்மார்க்கில் வயிறு பருத்த 50 பேரைக்கொண்டு செய்து 2019இல் வெளிவந்த ஆய்வில், பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மும்முறை, மூச்சு வாங்கப் பயிற்சி செய்தவர்க்கும் ஏறத்தாழ அவ்வளவே குறைந்தது. அவர்கள் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரல்லர். ஆகவே நம் நோயாளி அவ்வேகத்தை நாடவேண்டா. மார்பெலும்பு பொருந்தும்வரை பாரம் தூக்கலாகாது. வைத்தியர் சொன்ன அளவே நடத்தல் வேண்டும். தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை விட்டுச் செல்லுமுன், துறைமுகத்து வேலைக்கு நடந்துபோன நம் பாட்டன்மார் உண்ட சோற்றளவையே, நாற்காலியில் அமர்ந்து தொழில்செய்யும் நாமும் உண்கின்றோம். இதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் வேண்டுவதில்லை.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு எமது வேண்டுகோள் இரண்டு. வைத்தியசாலையிலிருந்து கொண்டுவரும் அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது; வீட்டார் அதனை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் உடற்கூற்றையே தமிழிற் கற்பித்தாரென்றால், நம் கல்லூரியிற் பயின்று வைத்தியரானோர் இரண்டு பக்க அறிவுரையைத் தமிழில் எழுதித்தர இயலாதா? பிழைதிருத்தும் பணியை யாம் ஏற்போம்.

மற்றையது, நோயாளியைப் பார்க்கச் செல்வோர் பலகாரத்தை விடுத்து அவருடன் நடக்க ஒரு மணி நேரத்தைக் கொண்டுசெல்லட்டும். எம் நண்பர் இப்பொழுது மாலைதோறும் டச்சுக்குடாக் கரையிலிருந்து புறப்படுகின்றார். கோட்டை வாசலுக்குள்ளே மான்கள் நிற்கும் இடத்திற் சற்று இளைப்பாறி, கோணேசர் கோயிலேற்றத்திற் பேசிக்கொண்டே நடக்கின்றார். பேச்சுத் தடைப்பட்டால் நிற்கவேண்டும் என்பது அவருக்கு வைத்தியர் இட்ட கட்டளை. சென்ற கிழமை எமக்குத்தான் பேச்சுத் தடைப்பட்டது.