திருடன் வராத நாட்கள்

கொரோனா ஊரடங்கைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், யாராவது ஒருவர் அந்த நாட்களைப் புகழ ஆரம்பித்துவிடுகிறார். சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைப் பெரியவர், “என்ன சொன்னாலுஞ் சரிங்க, அந்த ரெண்டு மாசம் நம்ம கோயமுத்தூருல ஒரு செயின் அறுப்பு உண்டுங்களா? ஒரு பிக்பாக்கெட் உண்டுங்களா?” என்றார். எதிர் வரிசைக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர் முழுப் பொய் சொல்லவில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடே கதவடைத்துக்கொண்டது. காந்திபுரம் பஸ் நிலையத்தில் கூட்டமே இல்லாதபோது ஜேப்படிக்காரன் யார் பையில் கை விடுவான்? பகலெல்லாம் ஆள் இருக்கும் வீட்டில் எவன் பூட்டை உடைப்பான்? உலகமெங்கும் இதே கதைதான். 23 நாடுகளில் 27 நகரங்களின் போலீஸ் கணக்கைக் கூட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. குற்றங்கள் 37 சதவிகிதம் குறைந்ததாகவும், திருட்டு ஏறக்குறையப் பாதியாகிவிட்டதாகவும் அது சொல்கிறது. கொலை மட்டும் 14 சதவிகிதந்தான் குறைந்தது. நம் நாட்டிலோ அந்த வருஷம் கொலை குறையவே இல்லை, சற்றுக் கூடியிருந்தது. தெருவைப் பூட்டினால் திருடன் நிற்பான். வீட்டுக்குள்ளேயே இருக்கிற கொடியவனை எந்தப் பூட்டு நிறுத்தும்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2020-ஆம் வருஷத்துக் கணக்கைப் பாருங்கள். சர்க்கார் உத்தரவை மீறியதாக, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ஆம் பிரிவில் பதிவான வழக்குகள் முந்திய வருஷம் 29,469. அந்த வருஷம் 6,12,179! இருபது மடங்குக்கு மேல். எல்லாவகை வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், நாட்டிலேயே அதிகம் பதிவு செய்த மாநிலம் நம் தமிழ்நாடுதான். ஆனால் அதே புத்தகத்தில், மனைவியைக் கொடுமை செய்ததாகக் கணவன்மீதும் அவன் உறவினர்மீதும் பதிவான வழக்குகள் 1,25,298-லிருந்து 1,11,549 ஆகக் குறைந்திருக்கின்றன.

ஆகா, வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் புருஷன்மார்களெல்லாம் திருந்திவிட்டார்கள் போலும்! அப்படியானால் தேசிய மகளிர் ஆணையத்துக்கு அந்த வருஷம் 23,722 புகார்கள் போனது ஏன்? ஆறு வருஷங்களில் அத்தனை வந்ததில்லை. குடும்ப வன்முறைப் புகார்கள் மட்டும் மூவாயிரத்துக்குள் இருந்தவை ஐயாயிரத்தைத் தாண்டின. அவசரம் தாங்காமல், ஏப்ரல் 10-ஆம் தேதி வாட்ஸ்அப் எண் ஒன்றையே ஆணையம் அறிவிக்க நேர்ந்தது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஸ்டேஷனுக்குப் போகப் பஸ் இல்லை. வேறு ஜில்லாவிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போக இ-பாஸ் வேண்டும். போனைக் கையில் எடுத்தால் எதிரே அவனே உட்கார்ந்திருக்கிறான். அடி குறையவில்லை, அடிபட்டவள் படியிறங்கும் வழிதான் அடைபட்டது. போலீஸ் கண் முழுவதும் தெருவில் இருந்தது. கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19-இல் பிடித்துக்கொண்டு போன தந்தையும் மகனும் காவலில் பட்ட அடியால் நான்கே நாட்களுக்குள் செத்தார்கள். தெருவில் நின்றவனுக்கு அந்தக் கதி. வீட்டுக்குள் அடித்தவனை ஏனென்று கேட்க ஆளில்லை.

போலீஸை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஏப்ரல் 26 முதல் 29 வரை கோவைக்கு முழு ஊரடங்கு. அதில் இரண்டாம் நாள் மத்தியானம் அடுத்த வீட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது. பிறகு ஏதோ உருண்ட சத்தம். பிறகு மௌனம். சாயங்காலம் அந்தப் பெண் மொட்டை மாடியில் துணி எடுக்க வந்தாள். முகத்தில் மாஸ்க்; அதற்கு மேலே ஒரு கண் வீங்கியிருந்தது. “என்னம்மா ஆச்சு?” என்றேன். “ஒண்ணுமில்லீங்ணா, பாத்திரம் விழுந்திருச்சுங்” என்றாள். நானும் நம்பியதாகப் பாவனை செய்துகொண்டு கீழே இறங்கி வந்து டெலிவிஷனின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அதில் அன்றைய நோயாளிகளின் எண்ணிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவளை எந்த எண்ணிக்கையிலும் யாரும் சேர்க்கவில்லை.

‘குடிகாரனாயிருப்பான்’ என்று நீங்கள் சமாதானம் தேடலாம். டாஸ்மாக் கடைகள் அப்போது மூடிக் கிடந்தன. மேலும் அந்த மனிதர் காபி தவிர வேறொன்றும் தொடாதவர். பம்புசெட் உதிரிபாகம் விற்கும் கடைக்காரர். தெருவில் எதிர்ப்பட்டால் முதலில் கும்பிடுகிறவர். உங்களையும் என்னையும் போன்றவர்தான்.

நோய்க்குப் பயந்து ஊரை அடைத்தது தவறென்று நான் சொல்லவில்லை. பால், காய்கறி, மருந்து என்று அத்தியாவசியங்களை எண்ணினோமே, அடிபட்டவள் வெளியேற ஒரு வழி வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்? நாளைக்கு வெள்ளமோ, கலவரமோ, இன்னொரு கொள்ளைநோயோ வந்து மறுபடியும் ‘வீட்டிலே இருங்கள்’ என்ற உத்தரவு பிறக்கலாம். அப்போது தெருமுனையில் நிற்கிற போலீஸ்காரர் வண்டிகளை மறிப்பதோடு நில்லாமல், தெருவுக்குள்ளும் நடந்து வர வேண்டும். அவர் வரும்வரை, பக்கத்து வீட்டுக்காரன் போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஒரு கரண்டி சர்க்கரை கேட்கிற சாக்கிலாவது தட்டலாம். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

பந்தியில் அந்தப் பெரியவரிடம் இவ்வளவும் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: அந்த இரண்டு மாதமும் திருடன் வரவில்லை என்பது மெய்தான், ஐயா. ஆனால் அவள் கழுத்துச் செயின் பத்திரமாக இருந்ததைச் சொல்லி, அவள் கண் வீங்கியதை மறைக்காதீர்கள்.