தானியம் இல்லை, பால் இல்லை. சரி, என்ன இருக்கிறது?

எங்கள் தூத்துக்குடி மக்ரூனை மருந்து என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. முந்திரிப் பருப்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை. அதில் இருப்பது இந்த மூன்றுதான். அரிசி, கோதுமை, மைதா எதுவும் கிடையாது. பால், வெண்ணெய், நெய்யும் கிடையாது. பக்கத்து ஊர் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலையும் வெல்லப்பாகும்தான். 2020இல் புவிசார் குறியீடுகூட வாங்கியாயிற்று. அதிலும் தானியம் இல்லை, பால் இல்லை. ஆனால் சுகர் உள்ளவர் எவரும் "தானியம் இல்லாத பண்டம்தானே" என்று சொல்லி ஒரு பொட்டலம் மக்ரூனைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. அது இனிப்பு என்று தெரிந்துதான் தின்கிறோம். தெரிந்துதான் நிறுத்துகிறோம்.

அதே மக்ரூனில் முந்திரிக்குப் பதில் பாதாமைப் போட்டு, கோகோத் தூளும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து, "தானியமில்லா, பாலில்லா சாக்லேட் குக்கீஸ்" என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது எப்படிப் பத்தியச் சாப்பாடு ஆகிவிடுகிறது? இதுதான் என் கேள்வி. கடற்கரையில் காலையில் நடக்க வருகிற நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது பையில் இந்த பிஸ்கட் டப்பாவோடு வருகிறார்கள். "அண்ணாச்சி, தைரியமா எடுங்க, இதுல ஒண்ணும் கிடையாது" என்று நீட்டுகிறார்கள். ஒன்றும் இல்லாத பண்டம் எப்படி அண்ணாச்சி இவ்வளவு இனிக்கும்?

32 வருஷம் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் நான். செய்யாத செலவையெல்லாம் பெரிய எழுத்தில் போட்டு, செய்த செலவைப் பொடி எழுத்தில் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்கிற கணக்கை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த டப்பாக்களும் அப்படித்தான். முன்பக்கம் முழுக்க "இல்லை, இல்லை, இல்லை". இருப்பது என்னவென்று பார்க்கப் பின்பக்கத்தைத் திருப்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வருகிற மாதிரி வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. என் கைக்கு வந்த ஒரு டப்பாவில் முதல் இடம் பாதாமுக்கு இல்லை, மரவள்ளி மாவுக்கு. இரண்டாவது நாட்டுச் சர்க்கரை. பாதாம் நான்காவது இடத்தில். கம்பெனியின் பெயர் வேண்டாம், ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

மரவள்ளி தானியம் இல்லை, கிழங்கு. அதனால் "தானியமில்லா" என்று போட்டது பொய்யில்லை. ஆனால் மரவள்ளி மாவு என்பது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. சேலத்து ஜவ்வரிசி அதில்தானே செய்கிறார்கள். வடநாட்டில் விரத நாளில் தானியத்தை ஒதுக்குகிறவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பிடுகிறார்கள். விரதம் கெடாது. சுகர் ஏறாமல் இருக்குமா என்பது வேறு விஷயம். உங்கள் ரத்தத்துக்குக் கிழங்கு என்றும் தானியம் என்றும் பேதம் தெரியாது. மாவுச்சத்து எங்கிருந்து வந்தாலும் அது குளுக்கோஸாகத்தான் மாறும்.

நாட்டுச் சர்க்கரை கதையும் அதேதான். வெள்ளைச் சீனியை விட்டுவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லி நாட்டுச் சர்க்கரை, உடன்குடி கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம் என்று போடுகிறார்கள். கருப்பட்டியின் மணம் எனக்கும் உயிர். ஆனால் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ். தேனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 கிராம் சர்க்கரை. இரும்புச்சத்து இருக்கிறது, தாது உப்பு இருக்கிறது என்பார்கள். ஒரு பிஸ்கட்டில் விழுகிற 5 கிராம் வெல்லத்தில் எவ்வளவு இரும்பு வந்துவிடப் போகிறது? ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை அதைவிட மேல்.

"பால் இல்லை" என்பதற்கு வருவோம். வெண்ணெயை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு கொழுப்பு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்கட் ஓடு மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் அல்லது பாமாயில். டாக்டர்கள் குறைக்கச் சொல்கிற நிறைகொழுப்பு வெண்ணெயில் 100 கிராமுக்குச் சுமார் 50 கிராம் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் 80 கிராமுக்கும் மேல். தேங்காய் எண்ணெயை நான் பழிக்கவில்லை. வெண்ணெய் போனதால் நெஞ்சுக்கு நல்லது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்த வகைப் பண்டங்கள் யாருக்காகப் பிறந்தன என்று தெரிந்தால் குழப்பம் தீரும். சீலியாக் என்று ஒரு நோய் உண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டால் சிலருடைய உடம்பு தன் சிறுகுடலையே தாக்கும். அந்தக் குழந்தைகளுக்கு வயிறு ஊதும், தின்றது உடம்பில் ஒட்டாது, வளர்ச்சி நின்றுவிடும். 1924இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், ரொட்டியை நிறுத்தி வாழைப்பழத்தைப் பிரதானமாகக் கொடுத்து இவர்களைத் தேற்றினார். காரணம் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. குற்றவாளி கோதுமைதான் என்று நிறுவியவர் நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே. 1944-45 போர்க்காலக் குளிரில் அந்த நாட்டில் ரொட்டிக்கே பஞ்சம். ஊரே பட்டினியில் வாடியபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். அவர் முன்பே கொண்டிருந்த சந்தேகம் அதில் உறுதிப்பட்டது. 1950இல் அதைத் தன் ஆய்வேட்டில் எழுதினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சீலியாக் உள்ளவர்களுக்குக்கூட அரிசி ஆகும். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, எல்லாம் ஆகும், கோதுமை கலக்காமல் அரைத்திருந்தால். மொத்தத் தானியத்தையும் ஒதுக்கச் சொன்னது பிற்பாடு வந்த பேலியோ. லோரன் கார்டெய்ன் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் புத்தகம் 2002இல் வந்தது. தானியம், பருப்பு, பால் மூன்றும் வேண்டாம் என்றது. அதே புத்தகம் சீனியும் வேண்டாம் என்றுதான் சொன்னது. பிஸ்கட் விற்கிறவர்கள் அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இனி நம் வீட்டுப் பக்கம் வருகிறேன். விற்கிறவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் பாதி நியாயம்தான். நம் வயதுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பேரனுக்குப் பால் அலர்ஜி என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். மருமகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நாம் என்ன செய்கிறோம்? "ஒரு சொட்டு நெய் என்ன செஞ்சிரப் போகுது, நாங்கெல்லாம் தின்னு வளரலையா?" என்று அவள் அந்தப் பக்கம் போனதும் பருப்புச் சோற்றில் விட்டுப் பிசைந்து ஊட்டுகிறோம். இது பாசமில்லை, ஆபத்து. பால் குடித்தால் வயிறு பொருமுவது வேறு. அது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததால் வருவது. நம்மில் நிறையப் பேருக்கு உண்டு, ஆனாலும் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். பால் அலர்ஜி என்பது பாலின் புரதத்தை உடம்பு எதிரியாக நினைப்பது. நெய்யில் ஒட்டியிருக்கிற துளி போதும். சில குழந்தைகளுக்கு உதடு வீங்கும், தடிப்பு வரும், மூச்சே அடைக்கலாம். அந்தக் குழந்தைக்கு "ஒரு சொட்டு" என்று ஒரு அளவே கிடையாது.

சீலியாக் உள்ளவருக்கும் அப்படித்தான். கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோதுமையே போடாத ரசத்திலும் கோதுமை இருக்கும். நம் நாட்டு விதிப்படி "குளூட்டன் இல்லாதது" என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அவ்வளவு நுணுக்கமான கணக்கு அது.

ஆக, ஒரே பிஸ்கட்டில் இரண்டு தவறு நடக்கிறது. யாருக்கு அது தேவையோ அவர்கள் விஷயத்தில் நாம் அலட்சியமாக இருக்கிறோம். யாருக்குத் தேவையில்லையோ அவர்கள் அதை மருந்து மாதிரி தின்கிறோம்.

தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டிலேயே செய்யுங்கள். கடை டப்பாவைவிட நம்பகமானது, பெரிய வித்தையும் இல்லை. சுமார் 20 பிஸ்கட்டுக்குக் கணக்கு இது. தோல் நீக்கிப் பொடித்த பாதாம் 200 கிராம், கோகோத் தூள் 30 கிராம், நாட்டுச் சர்க்கரை 90 கிராம், தேங்காய் எண்ணெய் 50 கிராம், ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, பொடியாக நறுக்கிய கருப்புச் சாக்லேட் 60 கிராம். முட்டை பால் பொருள் இல்லை, அதில் குழப்பம் வேண்டாம். சைவ வீடுகளில் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்தால் முட்டைக்குப் பதிலாகும்.

பேக்கிங் பவுடர் வேண்டாம். அதில் பெரும்பாலும் சோள மாவு கலந்திருக்கும். தானியத்தை ஒதுக்குகிறோம் என்று அதைப் போட்டால் வாசலை அடைத்துக் கொல்லையைத் திறந்த கதை. சமையல் சோடாவோடு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும். சாக்லேட் வாங்கும்போது கோகோ பட்டர் என்று பார்த்துப் பயப்படாதீர்கள், அது கோகோ விதையின் கொழுப்பு. மில்க் சாலிட்ஸ் என்று இருந்தால் வேண்டாம். கருப்புச் சாக்லேட் சிலவற்றிலும் அது இருக்கிறது. "பால் கலந்திருக்கலாம்" என்று கீழே ஒரு வரி இருந்தாலும் அலர்ஜி உள்ள குழந்தைக்கு அது ஆகாது.

எல்லாவற்றையும் பிசைந்து எலுமிச்சை அளவு உருட்டி, லேசாகத் தட்டி, 175 டிகிரியில் 10 முதல் 12 நிமிஷம். ஓவன் இல்லாவிட்டால் கனத்த சட்டியில் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி, பத்து நிமிஷம் சூடாக்கிவிட்டுத் தட்டை இறக்குங்கள். சிறு தீயில் 20 நிமிஷம் வரை ஆகலாம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால் இறுகும். பாதாம் விலை கட்டாது என்றால் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையைப் பொடித்துப் போடலாம். விட்டு விட்டு அரையுங்கள், ஒரே மூச்சில் அரைத்தால் எண்ணெய் விட்டுக் களிம்பாகிவிடும். கடலைக்கோ கொட்டை வகைக்கோ அலர்ஜி உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நெய் தடவாத தட்டு, கோதுமை மாவு படாத சல்லடை, தனி டப்பா.

இப்போது இதே பிஸ்கட்டை நமக்காகக் கணக்குப் பார்ப்போம். சர்க்கரையும் சாக்லேட்டில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து ஒன்றுக்குச் சுமார் 5, 6 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. கலோரி ஏறத்தாழ 120. இரண்டு சின்ன இட்லிக்குச் சமம். பேச்சுவாக்கில் நாலு தின்றால் எட்டு இட்லி ஆயிற்று, கூடவே நாலு கரண்டி சீனி.

"மைதா பிஸ்கட்டைவிட மேல்தானே?" என்று கேட்பீர்கள். மேல்தான். பாதாமில் மாவுச்சத்து குறைவு, புரதம் உண்டு, சுகர் ஏறுவது மெதுவாகும். அதை மறுக்க முடியாது. அந்த நன்மை பாதாமுடையது. அதற்குப் பத்துப் பாதாமை ஊறவைத்துத் தின்றால் போதும், சீனி எதற்கு, எண்ணெய் எதற்கு?

இதைவிட எனக்கு எரிச்சல் வேறொன்றில். இந்த "இல்லை"ப் பட்டியலால் நம் தட்டில் இருக்கிற நல்ல சாப்பாடு குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது. 70 வருஷம் கம்மங்கூழும் மோரும் குடித்து நன்றாக இருந்த ஆச்சி, "தானியம் விஷமாமே, தயிர் ஆகாதாமே" என்று பயந்து கேட்கிறாள். சீலியாக் இல்லை, அலர்ஜி இல்லை, டாக்டரும் சொல்லவில்லை. பிறகு எதற்கு ஆச்சி மோரை நிறுத்த வேண்டும்? இந்த வயதில் உடம்பில் சதை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும், எலும்புக்குக் கால்சியம் வேண்டும். ஒரு தம்ளர் மோரை நிறுத்திவிட்டு இரண்டு சாக்லேட் பிஸ்கட் தின்பதற்கு ஆரோக்கியம் என்று பெயர் வைத்தால் சிரிப்பதா அழுவதா?

உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு டப்பா இருந்தால் இன்றைக்கே எடுங்கள். பின்பக்கத்தைத் திருப்பி, முதல் மூன்று சேர்மானங்களை ஒரு தாளில் எழுதி, டப்பாவின் மூடியில் ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள், கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி.