தண்டனை முடிந்த பிறகும் துரத்தும் கேள்வி

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் பலரும் படிவத்தில் ஒரு கேள்வியைச் சந்திக்கிறார்கள். முன்பு படித்த கல்லூரியில் உங்கள்மீது எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதா? 'ஆம்' என்றால் விளக்கம் எழுத வேண்டும். இதில் என்ன தவறு என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். சேர்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஆளைப் பற்றித் தெரிய வேண்டாமா, தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்கிறார்கள். நியாயம் போலத் தோன்றும் இந்த நம்பிக்கை அநியாயத்துக்குத் துணைபோகிறது.

ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு மாணவரின் குணத்தைக் காட்டும் என்பது இதன் அடிப்படை. 1960 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் நடந்ததைப் பாருங்கள். வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய நீதிமன்றச் சிற்றுண்டிச் சாலையில், அலபாமா ஸ்டேட் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் சென்று அமர்ந்து உணவு கேட்டார்கள். அவர்களில் ஒன்பது பேரைக் கல்லூரி நீக்கியது. குற்றச்சாட்டு இன்னதென்று சொல்லவில்லை; விசாரணையும் நடத்தவில்லை. மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அரசுக் கல்லூரி விசாரிக்காமல் மாணவரை நீக்கக் கூடாது என்று 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒன்பது பேரின் பதிவுகளிலிருந்து நீக்கத்தை அழிக்க மாநிலக் கல்வித் துறைக்கு 2018 வரை ஆனது. அதாவது 58 ஆண்டுகள். அந்தப் பதிவு காட்டியது யாருடைய குணத்தை? மாணவர்களுடையதையா, நீக்கியவர்களுடையதையா?

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2024 வசந்த காலத்தில் காஸா போரை எதிர்த்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல வளாகங்களில் மாணவர்கள் கூடாரம் போட்டுப் போராடினார்கள். பலர் கைதானார்கள், இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். போராட்டத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இருக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவர் நாளை வேதியியல் ஆய்வுக்கோ சட்டப் படிப்புக்கோ தகுதியானவரா என்பதை அந்த இடைநீக்கம் எப்படிச் சொல்லும்?

அரசியலை விட்டுவிடுவோம். விடுதி அறையில் பீர் பாட்டில் பிடிபட்டால் ஒரு கல்லூரியில் வாய்வார்த்தை எச்சரிக்கையோடு போகும். இன்னொன்றில் அது கோப்பில் ஏறும். ஒரே செயலைச் செய்த இருவரில் ஒருவர் 'இல்லை' என்றும் மற்றவர் 'ஆம்' என்றும் எழுதுகிறார்கள். ஆளாளுக்கு நீளம் மாறும் முழக்கோலை வைத்து யாரை அளப்பது? தண்டனை சமமாக விழுவதும் இல்லை. இளநிலைப் படிப்புக்கான பொது விண்ணப்பத்தை நடத்தும் 'காமன் ஆப்' அமைப்பு தன் தரவுகளை ஆராய்ந்தபோது, வெள்ளையின மாணவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகமான விகிதத்தில் கறுப்பின மாணவர்கள் பள்ளித் தண்டனையைக் குறிப்பிட வேண்டியிருந்தது தெரிந்தது. 'ஆம்' என்று குறித்தவர்கள் விண்ணப்பத்தை அனுப்பாமலே விட்டுவிடுவதும் அதிகமாக இருந்தது. 2021-22 விண்ணப்பங்கள் முதல் அந்தக் கேள்வியைப் பொதுப் பகுதியிலிருந்து அந்த அமைப்பு நீக்கிவிட்டது. பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வருபவருக்குத் தேவையில்லை என்று முடிவான கேள்வி, பட்டம் பெற்று வருபவருக்கு மட்டும் எதற்கு?

மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பதிவு அழிக்கப்பட்டிருந்தாலும் சொல்லியாக வேண்டும் என்கிறது. தண்டித்த கல்லூரியே மன்னித்துத் துடைத்ததை மாணவர் தன் கையாலேயே மறுபடி எழுத வேண்டும். அப்படியானால் அழிப்பதற்கு என்ன பொருள்?

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு. பாலியல் வன்முறை செய்து நீக்கப்பட்டவர் அதை மறைத்து வேறு வளாகத்தில் நுழையலாமா? நுழையக் கூடாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. அத்தகைய குற்றத்துக்காக நீக்கப்பட்டால் அதை மதிப்பெண் சான்றிதழிலேயே குறிக்க வேண்டும் என்று நியூயார்க், வர்ஜீனியா மாநிலங்கள் 2015இல் சட்டம் இயற்றின. விசாரணை நடத்திய நிறுவனமே தரும் குறிப்பு அது. விண்ணப்பிப்பவரிடமே கேட்கும் கேள்வியோ பொய் சொல்லத் துணிந்தவரை எளிதில் கடந்துபோக விடுகிறது. அகப்படுபவர், உண்மையைச் சொல்லும் மாணவர்தான்.

ஆகவே பல்கலைக்கழகங்கள் கேட்க வேண்டியது இதுதான்: அடுத்தவர் உடலுக்குத் தீங்கு செய்து, முறையான விசாரணையில் அது உறுதியான நேர்வுகளை மட்டும் கேளுங்கள். தகுதியை எடைபோட்டு முடிவெடுத்த பிறகு கேளுங்கள். அழிக்கப்பட்ட பதிவைத் தோண்டாதீர்கள். ஆண்டு வரம்பு வையுங்கள்.

நம் பிள்ளைகளும் ஆண்டுதோறும் இந்தப் படிவங்களை நிரப்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: கேள்வி இருக்கும்வரை பொய் எழுதாதீர்கள், பின்னால் தெரியவந்தால் கிடைத்த இடமே பறிபோகும். நடந்ததைச் சுருக்கமாக, உள்ளபடி எழுதுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்ல. யார் உடலுக்கும் தீங்கு செய்யாமல், பத்தொன்பது வயதில் பெற்ற தண்டனையை அனுபவித்து முடித்தவரிடம் அதற்கு மறுபடியும் கணக்குக் கேட்கும் உரிமை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது.